சொந்த மைதானம் 250 கிலோமீட்டர் தள்ளி: கிருஷ்ணகிரி கால்பந்து ரசிகனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் எலக்ட்ரிக்கல் கடையில் வேலை பார்க்கிறேன். கல்லாவுக்குப் பின்னால், எம்சிபி பெட்டிகள் அடுக்கிய அலமாரிக்கு மேலே, சென்னையின் எஃப்சி என்ற கால்பந்து அணியின் நீலத் துண்டு ஒன்று தொங்குகிறது. ஒயர் வாங்க வருகிறவர், கெப்பாசிட்டர் வாங்க வருகிறவர், சும்மா நிழலுக்கு ஒதுங்குகிறவர் என்று எல்லோர் கண்ணிலும் அது படும். பட்டதும் கேள்வி வரும். வருஷக்கணக்காக வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் இப்போது எழுதி வைக்கிறேன். "ஃபேன் கடையில் ஒரு ஃபேன்" என்ற ஜோக்கை மட்டும் இனி யாரும் சொல்ல வேண்டாம். கேட்டாகிவிட்டது.

பெங்களூரு இங்கிருந்து 90 கிலோமீட்டர்தான். அதை விட்டுவிட்டு சென்னை அணி பின்னால் ஏன் அலைகிறீர்கள்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. காலையில் பஸ் ஏறினால் டிபன் நேரத்துக்கு ஓசூர், அப்புறம் அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி என்று பெங்களூரு வந்துவிடும். சென்னைக்கு 250 கிலோமீட்டருக்கு மேல். பர்கூர், வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கும், சென்னை மட்டும் வராது.

காரணம் மொழியும் இல்லை, மாநிலமும் இல்லை. 2014ல் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) ஆரம்பித்தபோது மாமா வீட்டு டிவியில் எலானோ என்ற பிரேசில்காரர் ஃப்ரீ கிக் அடித்ததைப் பார்த்தேன். சுவர் போல நிற்கும் ஆட்களுக்கு மேலே பந்து எழும்பி, யாரோ கையால் அமுக்கியது போலக் கீழே இறங்கி வலைக்குள் போனது. அவர் சென்னை அணியில் இருந்தார், அந்த முதல் பருவத்தில் 8 கோல் அடித்தார். அவ்வளவுதான், முடிந்தது கதை. பெங்களூரு எஃப்சி 2013லேயே தொடங்கிய அணிதான், ஆனால் அவர்கள் அப்போது ஐ-லீக் என்ற வேறொரு தேசிய லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஐஎஸ்எல்லுக்கு வந்தது 2017ல். அதற்குள் என் மனசு வேறு பக்கம் போய்விட்டது. பெண் பார்க்கப் போவதற்குள் நிச்சயமான கதை மாதிரி.

ஓசூரில் என் நண்பர்கள் பலர் பெங்களூரு ஆட்கள். அவர்களோடு சண்டையெல்லாம் இல்லை. இருந்தாலும் மேட்ச் இருக்கும் நாட்களில் போன் எடுக்க மாட்டேன்.

'சொந்த மைதானம்' என்றால்? மைதானம் எங்கே இருந்தாலும் புல்லு புல்லுதானே?

கடை முதலாளி கேட்ட கேள்வி. லீக்கில் வழக்கமாக ஒவ்வொரு அணியும் மற்ற அணியோடு இரண்டு முறை மோதும். ஒரு முறை தன் ஊரில், ஒரு முறை எதிராளி ஊரில். ஜெயித்தால் 3 புள்ளி, டிரா என்றால் இருவருக்கும் ஒவ்வொன்று. எந்த ஊரில் ஜெயித்தாலும் அதே 3 புள்ளிதான், அந்த வகையில் முதலாளி சொல்வது சரி.

ஆனால் அவருக்கு நான் சொன்ன பதில் இது: "அண்ணா, உங்கள் மகள் கல்யாணத்தில் நீங்கள் நிற்பதும், ஊர்க்காரர் வீட்டுக் கல்யாணத்தில் போய் மொய் எழுதிவிட்டு ஓரமாக நிற்பதும் ஒன்றா?" அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. இரண்டு நிலையிலும் நான் நின்று பார்த்திருக்கிறேன். அதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

சென்னை கோப்பை ஜெயித்ததையே நேரில் பார்த்தவராமே? அதைவிடப் பெரிய சந்தோஷம் என்ன இருக்கிறது?

பார்த்தேன். 2018 மார்ச் 17, சனிக்கிழமை, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். இறுதிப் போட்டி. எதிரணி பெங்களூருவேதான், அவர்கள் ஊரிலேயே. அந்த வருஷம் அரையிறுதியில் நம்ம ஆட்கள் கோவாவை சென்னையில் 3-0 என்று அடித்தார்கள். ஸ்ட்ரைக்கர் ஜேஜே இரண்டு, நம்ம தனபால் கணேஷ் ஒன்று. வியாசர்பாடிப் பையன். ஆனால் அன்று செவ்வாய்க்கிழமை, கடையில் இன்வெர்ட்டர் லோடு இறங்கிக்கொண்டிருந்தது, லீவு கிடைக்கவில்லை. போனில் பார்த்தேன். அந்தக் கடுப்பில்தான் எப்படியாவது ஃபைனலுக்குப் போயே தீருவது என்று கிளம்பினேன்.

கிடைத்த டிக்கெட் பெங்களூரு ரசிகர்கள் பகுதியில். ஓசூர் நண்பன் வாங்கிக் கொடுத்தது. "வாயைத் திறந்தால் உன்னை எனக்குத் தெரியாது" என்று சொல்லித்தான் கொடுத்தான். சாம்பல் கலர் சட்டை போட்டுக்கொண்டு போனேன். முதலில் பெங்களூருவின் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் ஒரு கோல் போட்டார். சுற்றி இருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன், வேறு வழி? அப்புறம் நம்ம மெயில்சன் ஆல்வ்ஸ் கார்னரில் தலையால் ஒன்று. இடைவேளைக்கு முன் அதே மாதிரி இன்னொன்று. இரண்டாம் பாதியில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. கடைசி நேரத்தில் பெங்களூருவின் மிக்கு ஒரு கோல் திருப்பினார், 3-2. கோப்பை நமக்கு.

மூன்று கோலுக்கும் நான் செய்தது என்ன தெரியுமா? முதல் கோலுக்கு ஷூ லேஸ் கட்டினேன். இரண்டாவதற்கு இருமினேன். மூன்றாவதற்கு, செருமிக்கொண்டு, தண்ணீர் தேடுவது போலத் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு பெரியவர், பெங்களூரு ஜெர்சி போட்டவர், பாவம், கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். என் அணி சாம்பியன். நான் எதிராளிக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ராத்திரி பஸ்ஸில் அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டி ஓசூர் எல்லைக்குள் வந்ததும் அடக்க முடியாமல் ஒரு கத்து கத்தினேன். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கண்டக்டர் ஓடி வந்து, "பர்ஸ் போச்சா தம்பி?" என்றார். பஸ்ஸில் தனியாகக் கத்தினால் அது கொண்டாட்டம் இல்லை, ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

ஆக, கோப்பையைப் பார்த்தேன். சந்தோஷம் வயிற்றிலேயே தங்கிவிட்டது.

அப்படியானால் உங்களுக்கு மறக்க முடியாத மேட்ச் எது?

2019 பிப்ரவரி 9. சென்னை நேரு ஸ்டேடியம். சென்னை 2, பெங்களூரு 1.

இதைச் சொன்னால் கால்பந்து தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஏனென்றால் அந்தப் பருவத்தில் சென்னை பத்து அணிகளில் பத்தாவது. முந்தின வருஷ சாம்பியன் இந்த வருஷம் கடைசி. 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, மொத்தம் 9 புள்ளி. சொந்த மைதானத்தில் 9 ஆட்டம் ஆடி, ஜெயித்தது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுதான் இது. எதிரில் இருந்த பெங்களூருவோ அடுத்த மாதம் 17ஆம் தேதி கோப்பையைத் தூக்கியது.

அதற்கு முன் நான் மூன்று முறை சென்னைக்குப் போய் மேட்ச் பார்த்திருந்தேன். மூன்றிலும் வெற்றி இல்லை. பர்கூரில் இருக்கும் என் மாமா பையன் வெளிப்படையாகவே சொல்லிவிட்டான்: "மச்சான், நீ வராதே. உன் ராசிதான் டீமை இப்படி ஆக்குது." அவனையும் கூட்டிக்கொண்டு, "ரெண்டு பேர் ராசியும் சேர்ந்தால் மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று சமாதானம் சொல்லிக் கிளம்பினேன். ஓசூர் நண்பனும் கூட வந்தான், பெங்களூருவுக்குக் கை தட்ட. "இன்னைக்கு எத்தனை?" என்று ரயிலில் கேட்டுக்கொண்டே வந்தான். ஜெயிப்பார்களா என்று கேட்கவே இல்லை, எத்தனை கோல் என்றுதான் கேட்டான். பட்டியலைப் பார்த்தால் அவன் கேட்டதில் தப்பும் இல்லை.

ஸ்டேடியத்தில் நிறைய இடம் காலியாக இருந்தது. கடைசி இடத்தில் இருக்கும் அணியைப் பார்க்க யார் வருவார்கள்? வந்தவர்கள் எல்லாம் என்னை மாதிரி கேஸ்தான். ரசிகர் கூட்டங்கள் மட்டும் டிரம் அடித்துக்கொண்டு வழக்கம்போல ஆட்டம். சூப்பர் மச்சான்ஸ் என்று ஒரு கூட்டம், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் என்று ஒரு கூட்டம். டீம் தோற்கத் தோற்க இவர்களுக்கு மட்டும் எங்கிருந்துதான் குரல் வருமோ.

எங்களுக்கு முன்வரிசையில் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், ஆபீஸ் பை, டிபன் கேரியர் சகிதம் உட்கார்ந்திருந்தார். மடியில் முறுக்குப் பொட்டலம். ஆட்டம் ஆரம்பித்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. முறுக்கை ஒரு வளையம் ஒரு வளையமாக உடைத்துத் தின்றுகொண்டே இருந்தார்.

அப்புறம் ஜேஜே. நெடுநாளாகக் கோல் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த ஆள். உண்மையைச் சொல்கிறேன், பந்து உள்ளே போனதை நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் எல்லோரும் எழுந்துவிட்டார்கள், தோள்களுக்கு நடுவில் வலை உப்பியது மட்டும் தெரிந்தது. ஒரு நொடி யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. தலைகள் எல்லாம் கோட்டோரம் கொடியோடு நிற்கும் லைன்ஸ்மேன் பக்கம் திரும்பின. கொடி தூக்கவில்லை. அப்புறம் வந்தது பாருங்கள் சத்தம். முறுக்குப் பெரியவர் துள்ளி எழுந்ததில் பொட்டலம் எகிறி எங்கள் மேல் கொட்டியது. அவர் திரும்பி என்னைக் கட்டிக்கொண்டார். யார் எவர் என்று தெரியாது. அவர் கன்னத்தில் இருந்த முறுக்குத் தூள் என் கன்னத்தில் ஒட்டியது. நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை, அவ்வளவு இரைச்சல். கண்டீரவாவில் முழுங்கிய மூன்றும் அதோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

முதல் பாதி முடிவதற்குள் நம்ம கிரெகரி நெல்சன் இரண்டாவது கோல். ஓசூர்க்காரனைத் திரும்பிப் பார்த்தேன். ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் பாதியில் சேத்ரி ஒன்று திருப்பினார். அவர் திருப்பாமல் இருந்தால்தான் அதிசயம். அதற்குப் பிறகு நடந்த அரை மணி நேரத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். பந்து நம் பாதிக்குள் வரும்போதெல்லாம் மாமா பையன் என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினான். மறுநாள் அந்த இடம் கருநீலமாக இருந்தது. பெரியவர் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டார், "பார்த்தா ஓட மாட்டேங்குது" என்று. நேரம் முடிந்து கூடுதல் நிமிடப் பலகையைத் தூக்கியபோது ஸ்டேடியமே அந்த ஆளைத் திட்டியது, ஏதோ அவர் வீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுப்பது போல.

விசில் ஊதியபோது யாரும் கிளம்பவில்லை. சீசனில் ஒன்றும் மிச்சமில்லை, பட்டியலில் கடைசிதான், இந்த 3 புள்ளியால் எதுவும் மாறப்போவதும் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும். ஆட்டக்காரர்கள் ஓடுதளத்தைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து தலைக்கு மேல் கை தூக்கித் தட்டினார்கள். நாங்களும் தட்டினோம். கோப்பையைத் தூக்கியபோதுகூட என்னால் தட்ட முடியாத கை அது.

பெரியவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். கிளம்பும்போது, "எந்த ஊர் தம்பி?" என்றார். கிருஷ்ணகிரி என்றேன். "அடப்பாவி, மாம்பழ சீசன்ல வந்திருக்கக் கூடாதா" என்றார்.

டிவியில் பத்து கேமராவில் காட்டுகிறார்கள். அதைவிட ஸ்டேடியத்தில் என்ன தெரிகிறது?

நிறைய தெரியாது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நேரு ஸ்டேடியத்தில் புல்தரைக்கும் இருக்கைக்கும் நடுவே ஓட்டப் பந்தயத் தடம் ஓடுகிறது, அதனால் ஆட்டக்காரர்கள் தூரத்தில்தான் தெரிவார்கள். ரீப்ளே கிடையாது. கோல் யார் போட்டார் என்று பக்கத்து ஆளைக் கேட்க வேண்டியிருக்கும். அவருக்கும் தெரியாது.

ஆனால் டிவி பந்தைத்தான் பார்க்கும். நேரில் போனால் பந்து இல்லாத இடத்தையும் பார்க்கலாம். எதிரணிக்கு கார்னர் கிடைத்தால் நம் ஸ்ட்ரைக்கர் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் தனியாக நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தன்னைக் காவல் காக்கும் எதிராளியோடு ஏதோ பேசிக்கொண்டிருப்பார். டிபன்ஸ் ஆட்கள் நாலு பேரும் ஒரே கயிற்றில் கட்டியது போல முன்னும் பின்னும் நகர்வார்கள். கூட்டம் குறைவாக இருந்தால் கோல்கீப்பர் கத்துவது காதில் விழும். இதெல்லாம் ஒரு மேட்சில் பார்த்துவிட்டால், அப்புறம் டிவியில் பார்க்கும்போது திரைக்கு வெளியே என்ன நடக்கும் என்று தானாகவே தெரிய ஆரம்பிக்கும்.

கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து எப்படிப் போவது?

கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகர், ஆனால் ஊருக்குள் ரயில் இல்லை. அந்தக் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு சின்ன லைன் வந்துகொண்டிருந்தது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடிவிட்டார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்னொரு பக்கம் ஆகும்.

சென்னைக்கு நேர் பஸ் இருக்கிறது, ஆறு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஆனால் என் ஓட்டு ரயிலுக்குத்தான். பர்கூர், கந்திலி, திருப்பத்தூர் வழியாக ஜோலார்பேட்டை சுமார் 50 கிலோமீட்டர். அங்கே சென்னை போகும் ரயிலைப் பிடித்தால் சென்ட்ரலில் இறங்கலாம். ஸ்டேடியம் பெரியமேட்டில், சென்ட்ரலுக்குப் பின்பக்கம், நடந்தே போகலாம். பஸ்ஸில் போனால் சென்னைக்குள் நுழைந்த பிறகு இன்னொரு பயணம் இருக்கிறது. தர்மபுரிக்காரர்களுக்கு மொரப்பூர் ஸ்டேஷன் வசதி.

திரும்புவதுதான் பாடு. ராத்திரி பெங்களூர் மெயில் பிடித்தால் நடுச்சாமத்தில் ஜோலார்பேட்டையில் இறக்கிவிடும். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, டீ குடித்து, கொசுவிடம் ரத்தம் கொடுத்து, முதல் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். ஜெயித்த ராத்திரியில் இந்தக் காத்திருப்பு ஒன்றும் தெரியாது. தோற்ற ராத்திரியில் ஒவ்வொரு கொசுவும் தெரியும்.

பிப்ரவரி 9 அன்று திரும்பும்போது நடந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். பெங்களூர் மெயில் என்பதால் பெட்டி முழுக்க பெங்களூரு ரசிகர்கள். இதில் ஒரு வேடிக்கை, இரண்டு அணிக்கும் நீலம்தான் நிறம். அன்ரிசர்வ்டில் நெருக்கியடித்துக்கொண்டு நாங்கள் ஏறியதும், தூரத்திலிருந்து எங்கள் ஜெர்சியைப் பார்த்துவிட்டு, "வாங்க, வாங்க" என்று கன்னடத்தில் கூப்பிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் சின்னத்தைப் பார்த்தார்கள். எழுப்பி விடவில்லை. ஆனால் காட்பாடி வரை யாரும் பேசவும் இல்லை. காட்பாடியில் ஒருவர் சமோசா வாங்கி எங்களுக்கும் நீட்டினார். "கப் நாங்கதான் எடுப்போம்" என்றார். சொன்னபடியே எடுத்தார்கள்.

டிக்கெட் எங்கே கிடைக்கும்?

ஆன்லைனில்தான். அட்டவணை வந்ததும் நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது எந்த ஸ்டாண்ட் என்று பாருங்கள். கத்த வேண்டும் என்றால் ரசிகர் கூட்டம் இருக்கும் பக்கம், உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றால் மைதானத்தின் நீளவாட்டில், நடுக்கோட்டுக்கு நேராக. போன் சார்ஜ் முக்கியம், டிக்கெட்டே அதில்தான் இருக்கும். எங்கள் ஆள் ஒருவன் கேட்டில் நின்றபோது போன் செத்துவிட்டது. எலக்ட்ரிக்கல் கடைக்காரன் கூட இருந்தும் சார்ஜர் இல்லை. பக்கத்து ஜூஸ் கடையில் கெஞ்சிக் கால் மணி நேரம் ஏற்றினோம்.

எனக்கு விதிமுறை தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்ன?

பந்தி உதாரணம்தான் சொல்வேன். பந்தி திறக்கும் முன்னாடியே உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறார்கள் இல்லையா, அது ஆஃப்சைடு.

கொஞ்சம் ஒழுங்காகச் சொன்னால்: நம் ஆள் பந்தைத் தட்டும் அந்த நொடியில், எதிராளியின் பாதியில் நிற்கும் இன்னொரு நம் ஆள் பந்துக்கும் முன்னால், எதிரணியின் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளுக்கும் முன்னால், கோல் கோட்டுக்கு நெருக்கமாக நிற்கக் கூடாது. நின்று, அந்தப் பந்தில் தலையிட்டால் கொடி எழும். கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர், அதனால் அவருக்கு முன்னால் இருக்கும் டிபன்ஸ் ஆளைக் கோடாக வைத்துப் பார்த்தால் போதும். பந்தைத் தட்டிய நேரம்தான் கணக்கு, வாங்கிய நேரம் இல்லை. இந்த ஒன்று புரிந்தால் ஸ்டேடியத்தில் பாதிப் பேரைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். லைன்ஸ்மேனைத் திட்டுகிறவர்களில் பலருக்கு இது தெரியாது.

பெண்கள், குழந்தைகள் வரலாமா?

தாராளமாக. அக்கா மகளை ஒரு முறை கூட்டிக்கொண்டு போனேன், அப்போது அவளுக்கு ஒன்பது வயது. மேட்சைவிட டிரம்மைத்தான் பார்த்தாள். திரும்பி வந்ததும் "பொண்ணுங்களுக்கு டீம் இல்லையா மாமா?" என்றாள். இருக்கிறது என்று கடலூர் மாவட்டத்திலிருந்து இந்திய அணி வரை போன இந்துமதி கதிரேசனைப் பற்றியும், 2018-19ல் இந்திய மகளிர் லீக்கை ஜெயித்த மதுரை சேது எஃப்சி பற்றியும் சொன்னேன். இப்போது தெருவில் பையன்களோடு ஆடுகிறாள், கோல்கீப்பராக. அக்காவுக்கு என்மேல் கோபம், பள்ளிக்கூட ஷூ மாதத்துக்கு ஒன்று கிழிகிறதாம்.

குழந்தைகளோடு போனால் நடுச்சாம ரயில் வேண்டாம். சென்னையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். சென்னையில் சொந்தக்காரர் இல்லாத கிருஷ்ணகிரிக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சாப்பாடு?

உள்ளே போவதற்கு முன் சாப்பிட்டுவிடுங்கள். சென்ட்ரலைச் சுற்றி கடைக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் பாட்டிலை கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள், புலம்ப வேண்டாம். முறுக்கு எப்படி உள்ளே போனது என்று எனக்கும் புரியவில்லை.

கடைசி இடத்துக்குப் போன டீமை ஏன் விடவில்லை?

ஐஎஸ்எல்லில் கடைசியில் வந்தாலும் கீழ் லீக்குக்குத் தள்ளும் வழக்கம் அப்போது இல்லை. அதனால் அடுத்த வருஷமும் அதே டீம் அங்கேயே இருக்கும் என்ற நிம்மதி உண்டு. இது அரைப் பதில்.

மீதிப் பதில்: எங்கள் அப்பா மாந்தோப்பு குத்தகைக்கு எடுப்பவர். ஒரு வருஷம் காய்த்தால் மறு வருஷம் மரம் சும்மா நிற்கும். அதற்காக அவர் மரத்தை வெட்டியதில்லை. பூ வரும் நேரத்தில் தினமும் போய் நின்று பார்த்துவிட்டு வருவார், பார்ப்பதால் பூ அதிகமாக வருமா என்ன. நான் சென்னைக்குப் போவதை அவர் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. கடை முதலாளிதான் கேட்பார்.

நீங்கள் போனால் தோற்கும் என்கிறார்களே?

2019 பிப்ரவரி 9க்குப் பிறகு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். மாமா பையன் இன்னும் சொல்கிறான். அவன் கிள்ளியதால்தான் ஜெயித்தது என்பது அவன் வாதம்.

கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டால் என்ன செய்வது?

போகும், நிச்சயம் போகும். அன்று ஞாயிறு விடிகாலை வீட்டுக்கு வந்தபோது அம்மா, "யாருடா ஜெயிச்சது?" என்றாள். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. இரண்டு விரலைக் காட்டி, அப்புறம் ஒரு விரலைக் காட்டினேன். அவள் புரிந்துகொண்டது வேறு. இரண்டு இட்லி, ஒரு தோசை வந்தது.

திங்கட்கிழமை கடையில் வாடிக்கையாளர்களுக்கு விலையை பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். மிளகைத் தட்டிப் போட்டுப் பனங்கற்கண்டோடு சூடாகப் பால் குடியுங்கள், ராத்திரி ஒன்று, காலையில் ஒன்று. புதன்கிழமைக்குள் குரல் திரும்பிவிடும். ஐஸ் தண்ணீர் பக்கம் போகாதீர்கள்.